கணக்குத் தலைப்பு: ஒன்பது

பதினோராயிரத்து நானூறு ரியால்.
நிபந்தனை ஒன்றுதான்:
சின்ன வகுப்புகளின் உடற்பயிற்சிக்கு மட்டும்.
ஒரு பைசாகூட வேறு பக்கம் ஒழுகக் கூடாது.
கொடுத்தவர் பெயர் போட வேண்டாம் என்றார்.
துறைமுகத்தில் கிரேன் வாடகைக்கு விடுபவர் என்று
காசோலையைப் பார்த்த எனக்கு மட்டும் தெரியும்.

சோஹாரில் எங்கள் பள்ளிக்கும் மைதானம் இருந்தது.
காலை ஏழு முதல் ஒன்றரை வரை அதில்
பதினெட்டுப் பேருந்துகள் ஓய்வெடுக்கும்.
மிச்ச இடத்தில் வெயில்.
அட்டவணையில் பி.டி. என்று போட்ட கட்டத்தில்
கணக்கு டீச்சர் வந்து நிற்பார்,
போர்ஷன் முடியவில்லை என்று.
பிள்ளைகள் உட்கார்ந்தபடியே வளர்ந்தார்கள்:
பேருந்தில், பெஞ்சில், டியூஷனில்.
கீழ்வீட்டுக்காரர் கம்பால் கூரையை இடிப்பார் என்று
வீட்டில் குதிகால் ஊன்றவும் பயம்.

பணம் வந்ததும் அறைக்குள் நடமாட்டம் கூடியது.
முதல் வாரம் ஸ்மார்ட் போர்டு கேட்டு ஒரு கடிதம்.
அடுத்து, பெரிய பையன்களின் கிரிக்கெட் அணிக்கு
வெள்ளை உடுப்பு பதினைந்து ஜோடி.
கடைசியில் முதல்வர் குரியாக்கோஸ் சாரே வந்து,
நாற்காலியில் உட்காராமல், மெதுவாக:
"கேட்டுக்குக் கொஞ்சம் பெயின்ட்.
பிள்ளைகள் ஓடி வருகிற கேட்தானே?"
நான் கோப்பைத் திருப்பி
நிபந்தனை வரியில் விரல் வைத்தேன்.
சிரித்துவிட்டுப் போனார்.
கேட் இன்னும் துருப்பிடித்தே இருக்கிறது.

நான் நல்லவன் என்று இதற்குப் பொருளில்லை.
தணிக்கைக்குப் பயந்தவன்.
சில நேரம் இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன.

செலவு:
பேருந்துகள் நிற்கப் பக்கத்துக் காலிமனை, ஓராண்டு வாடகை.
(இது எப்படி உடற்பயிற்சி என்றார்கள்.
பேருந்து நிற்கிற இடத்தில்
யார் ஓடுவது என்று கேட்டேன்.)
பச்சை நிழல்வலை, நாற்பது மீட்டர்.
ரப்பர் தரை, மூன்று கொட்டேஷனில் நடுவில் இருந்தது.
பந்து நாற்பது, பச்சைக் கோடு போட்டவை.
பெருந்தொகை ஓர் ஆளுக்கு:
ஜெசிந்தா, பத்து மாதச் சம்பளம்.
ஆள் எதற்கு, பொருளாக வாங்கினால் நிற்குமே
என்றார் நிர்வாகக் குழுவில் ஒருவர்.
ஜெசிந்தாவும் நின்றார்,
ஜூன் மாதத்து ஏழரை மணி வெயிலில்,
விசிலோடு.

நவம்பரில் இருப்புச் சரிபார்க்கக் கீழே இறங்கினேன்.
மூன்றாம் வகுப்பு பி பிரிவு ஓடிக்கொண்டிருந்தது.
மர்ஜியா என்றொரு பெண் பாதியில் நின்றாள்,
நெஞ்சில் கை வைத்து, முகம் வெளுத்து:
"மிஸ், உள்ளே யாரோ தட்டுறாங்க."

எட்டு வயது.
தன் இதயம் வேலை செய்கிற சத்தத்தை
அன்றுதான் கேட்கிறாள்.

ஜெசிந்தா விளக்கம் சொல்லவில்லை.
அவள் விரல்களை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டார்.
மர்ஜியா கண்ணை அகல விரித்தாள்.
"மிஸ், உங்களுக்கும்!"
அவ்வளவுதான், ஓட்டம் கலைந்தது.
முப்பத்தொரு பிள்ளைகளும்
ஒருவர் கழுத்தை ஒருவர் தொட்டுக்கொண்டு,
கூச்சத்தில் நெளிந்து, கத்தி,
உனக்கு ஃபாஸ்ட், எனக்குத்தான் ஃபாஸ்ட் என்று.
பேனாவைக் காதில் செருகிவிட்டு
என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன்.
இரண்டு மாடி இறங்கியதற்கே நூற்றிரண்டு.

பந்து முப்பத்தெட்டு இருந்தது.
இரண்டு மதிலைத் தாண்டிவிட்டன.
அந்தப் பக்கம் தொழிலாளர் குடியிருப்பு.
வெள்ளிக்கிழமை காலையில் அங்கே ஆட்டம் நடக்கிறதாம்,
ஓட்டுநர்கள், வெல்டர்கள், வெறுங்காலோடு.
பச்சைக் கோட்டைப் பார்த்ததாகக் காவலாளி சொன்னார்.

சின்ன வகுப்புகளுக்கு மட்டும்.
ஒரு பைசாகூட ஒழுகக் கூடாது.
பதிவேட்டைத் திறந்து வெகுநேரம் வைத்திருந்தேன்.
பிறகு எழுதினேன்:
பந்து நாற்பது. பயன்பாட்டில் உள்ளன.

தணிக்கை மார்ச்சில்.
ஜெசிந்தாவின் ஒப்பந்தம் முடிவதும் மார்ச்சில்.
கிரேன்காரரிடமிருந்து அடுத்த ஆண்டுக்கு
இதுவரை ஒன்றும் வரவில்லை.
எதற்கு முதலில் பயப்படுவது என்று
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.